பிடிமண் எங்கே எடுப்பது

இராஜபாளையம்
18-1-2024

அன்புத் தம்பி சேதுபதிக்கு அக்கா பரிபூரணம் எழுதுவது.

பொங்கலுக்கு நீ வரவில்லை என்ற குறை ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். என் சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. உனக்கும் அனுசியாவுக்கும் உடம்பு எப்படி? பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லுகிறவன் தன் மாத்திரையைத்தான் மறப்பான்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. உன் போனை எவனோ எடுத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்கிறான். நீயே எடுத்தாலும் பாதியில் இன்னொரு போன் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு நடுவே எவனும் வர முடியாது. நீ திருநெல்வேலியில் டாக்டருக்குப் படித்தபோது வாராவாரம் எழுதிய கைதானே இது. பதிலை நீயே உன் கையால் எழுது. டைப் அடித்து அனுப்பினால் கிழித்து அடுப்பில் போடுவேன்.

விஷயம் இதுதான். என் மகள் முனீஸ்வரிக்கு ஐந்தாம் மாதம். மாப்பிள்ளை முத்துப்பாண்டி பட்டாளத்தில், காஷ்மீர்ப் பனியில் கிடக்கிறார். அதனால் பிள்ளையை இப்போதே இங்கே கூட்டி வந்துவிட்டேன். தளவாய்புரத்தில் அவள் மாமியார் சுடலையம்மாள், தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நான் இரண்டு காலிலும் நிற்கிறேன். என் தம்பி உண்டாக்கின கீழச்செங்குளம் சுகாதார நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது என் பேரப்பிள்ளை எதற்குத் தனியாரில் பிறக்க வேண்டும்?

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். கட்டிடம் பளபளவென்று இருக்கிறது. ஆனால் பொம்பளை கக்கூஸுக்குக் கதவு இல்லை. அந்த வாசலை மறைத்து உன் படம் போட்ட ப்ளெக்ஸைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நீ கைகூப்பிச் சிரிக்கிறாய். உன் தோளை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போய் வர வேண்டியிருக்கிறது. உள்ளேயிருந்து வருகிற நாற்றத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைத்தாய்ச்சிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு உன் முகத்தைத் தள்ளிப் போவதைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, அசிங்கமாகவும் இருந்தது.

சரி, அங்கேயே வைத்துக்கொள்ளலாமா? ஒரு வார்த்தை எழுது. உன் வார்த்தை போதும் எனக்கு.

அனுசியாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா
பரிபூரணம்


சென்னை
9-2-2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நானும் அனுசியாவும் நலம். மாத்திரை தவறுவதில்லை. உன் கையெழுத்தைப் பார்த்ததும் திருநெல்வேலி விடுதி வாசலில் தபால்காரருக்காகக் காத்து நின்ற பையனாகிவிட்டேன். இதோ, என் கையால்தான் எழுதுகிறேன்.

முனீஸ்வரியைத் தாராளமாகக் கீழச்செங்குளத்தில் சேர். நான் தலைமை ஏற்று நடத்தும் ‘தாய்க்காவல்’ திட்டத்தில் அதுதான் முதல் நிலையம். ஆறு வருடமாக அங்கே ஒரு தாய்ச்சாவுகூட இல்லை. டெல்லியில் அடுத்த மாதம் எனக்குத் தரப்போகும் விருதும் அதற்காகத்தான்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த காலம் உனக்கு நினைவிருக்கும். ஓட்டுக் கட்டிடம், பிரசவ அறையில் சிமெண்ட் மூட்டை, கட்டிலுக்கு அடியில் ஆடு. அந்த மாதமே வன்னியம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி உதிரம் நிற்காமல், மதுரைக்குப் போகிற பஸ்ஸின் கடைசி சீட்டில் செத்துப்போனாள். கிருஷ்ணன்கோவிலில் இறக்கிவிட்டுப் பஸ் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது டீக்கடை பெஞ்சில் படுக்க வைத்து, துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இனி ஒருத்தியும் இந்த ரோட்டில் சாகக் கூடாது என்று அங்கே நின்றுதான் நினைத்தேன். பன்னிரண்டு வருடம் அந்த ஊரைவிட்டு அசையாமல் கிடந்ததும், பிறகு மாவட்டம், சென்னை என்று ஏறி வந்ததும் அந்த ஒரு நினைப்பினால்தான். இது உனக்குத் தெரியாததில்லை.

கக்கூஸ் கதவுக்குச் சொல்லிவிட்டேன். ப்ளெக்ஸ் வைக்கக் கூடாது என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது, கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

உன் கால் வலிக்கு எண்ணெய் தேய்ப்பதை விடாதே. முனீஸ்வரியை இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறியாமல் சாப்பிடச் சொல்.

அன்புத் தம்பி
சேதுபதி


இராஜபாளையம்
20-4-2024

தம்பிக்கு அக்கா ஆசியுடன் எழுதுவது. நாங்கள் சுகம். சித்திரை பிறந்ததும் பிறக்காததுமாக வெயில் ஆளை உரிக்கிறது. முனீஸ்வரிக்குக் கால் லேசாக வீங்கியிருக்கிறது, மற்றபடி இரண்டு ஆள் சோறு சாப்பிடுகிறாள். உனக்கு டெல்லிக் குளிர் ஒத்துக்கொண்டதா?

வளைகாப்புக்கு நீ அனுப்பின வளையல் வந்தது. தாய்மாமன் கையால் போட வேண்டிய வளையலைக் கூரியர்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனான். நல்லவேளை, அவனே போட்டுவிடுகிறேன் என்று சொல்லவில்லை.

கீழச்செங்குளத்தில் கக்கூஸுக்குக் கதவு வந்துவிட்டது. கூடவே பூட்டும் வந்துவிட்டது. சாவி ஆபீஸ் மேசைக்குள் இருக்கிறதாம். மேலிடத்து ஆள் பார்வையிட வந்தால் திறப்பார்களாம். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் கட்டிடத்துக்குப் பின்னால் கருவேலஞ்செடி மறைவுக்குப் போகிறார்கள். தூ, இதுவும் ஒரு நிர்வாகமா?

உன் காலத்து நர்ஸ் சண்முகத்தாய் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அவள் கை பட்டால் பிள்ளைக்குத் தைரியம் வருகிறது. உன்னைப் பற்றிக் கேட்டேன். “முந்தி சார் வந்தா, கையக் கழுவுனியாம்பாரு. இப்ப கம்ப்யூட்டர்ல வந்து, எத்தன சாவுன்னு மட்டுந்தான் கேக்காரு” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். போன வாரம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி பிரஷர் ஏறி, கண்ணெல்லாம் சொருகி வந்தாள். உள்ளே இருந்தவர்கள் “தள்ளிவிடு, தள்ளிவிடு” என்று பறந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரைக்கூடத் தாண்டி மதுரைக்கு ஏற்றிவிட்டார்கள். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன். இந்த மாவட்டத்துக்குள் செத்தால் இவர்கள் கணக்கில் வருமாம், உன் மீட்டிங்கில் பதில் சொல்ல வேண்டுமாம். மதுரைக்குப் போய்விட்டால் அது மதுரைக் கணக்காம். இது என்ன பேச்சு? குப்பையையா தள்ளுகிறார்கள்? உன் காதுக்கு இது வந்ததா, இல்லையா? இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

அக்கா
பரிபூரணம்


இராஜபாளையம்
11-6-2024

தம்பி சேதுபதிக்கு,

கருமாதி முடிந்துவிட்டது. சுகமா என்று கேட்டு எழுத மனசில்லை, கோபித்துக்கொள்ளாதே. பிள்ளை புட்டிப்பால் குடிக்கிறது. குடித்ததில் பாதியைக் கக்கிவிடுகிறது. மாப்பிள்ளைக்கு லீவு முடியப்போகிறது. 

நீ வந்தாய். பிறந்த வீட்டுக் கோடியை நீதான் அவள் மேல் போர்த்தினாய். என் தோளில் சாய்ந்து அழுதாய். உடனே விமானத்துக்குப் போய்விட்டாய். உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். என் ஏப்ரல் கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. அதை இப்போது கேட்கவில்லை.

அன்று காலையில் நல்லபடியாகத்தான் பிறந்தது, பெண்பிள்ளை. முனீஸ்வரி அதைப் பார்த்துச் சிரித்தாள். “கருப்பா இருக்காம்மா, அவுக அப்பா மாதிரியே” என்றாள். அவள் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு அதுதான். பிறகு உதிரம் நிற்கவில்லை. துணி துணியாக வெளியே கொண்டுவந்து போட்டார்கள். நான் முப்பது வருஷம் பேண்டேஜ் கம்பெனியில் வெள்ளைத் துணி மடித்தவள். வாளியில் கிடந்த அந்தத் துணிகளில் ஒரு வெள்ளைகூட இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்காவது அனுப்புங்கள் என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். அது சின்னப் பிள்ளை. நின்றுவிடும், நின்றுவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள். அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன். நான் பேசுகிறேன், நீ பதறாதே என்றாய்.

நீ பேசின பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. 108 வருகிற வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. நிலையத்து வேனிலேயே ஏற்றி, வாயில் ஆக்ஸிஜன் மாட்டி, கழுத்து வரைக்கும் போர்த்தி, என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். பச்சைப்பிள்ளையை நர்ஸ் ஒருத்தி வாங்கி வைத்துக்கொண்டாள். என் தம்பி ஒரு வார்த்தை சொன்னால் எப்படி நடக்கிறது பார் என்று, அந்தத் தவிப்பிலும் உன்னைக் கும்பிட்டேன்.

மயக்க ஊசி போட்டிருக்கிறது, எழுப்பக் கூடாது என்றாள் சண்முகத்தாய். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் வண்டி போனது. இங்கே நிப்பாட்டுங்களேன் என்று கத்தினேன். டிரைவர் திரும்பியே பார்க்கவில்லை. முனீஸ்வரி கை ஜில்லென்று இருந்தது. ரத்தம் போனால் அப்படித்தான் இருக்கும் என்றாள். நான் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே அவளிடம் பேசிக்கொண்டு போனேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிட்டது, பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்தது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். கல்லுப்பட்டிப் பக்கம் அவள் உதடு காய்ந்து வெடித்த மாதிரி தெரிந்தது. பாட்டிலைத் திறந்து விரலால் நனைத்துவிடலாம் என்று போனேன். சண்முகத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, “குடுக்காதீக, பொறையேறிரும்” என்றாள். மூடி வைத்துவிட்டேன்.

மதுரையில் டாக்டர் பார்த்த உடனே, வருகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

அந்தத் தண்ணீர்தான் என்னைத் தின்கிறது, சேதுபதி. பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் என் பிள்ளை நாக்கு வறண்டு போயிருக்கிறாள். சோற்றில் கை வைத்தால் அந்த உதடுதான் தெரிகிறது.

நீ அன்றைக்குப் போனை எடுத்ததற்கு நான் என்றைக்கும் நன்றி மறக்க மாட்டேன்.

பரிபூரணம்


சென்னை
2-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் சர்க்கரைக்குப் பட்டினி ஆகாது. பிள்ளைக்குப் பாலை அதிகம் சூடாக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. கொடுத்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டினால் கக்காது.

தண்ணீரை நினைத்து நீ வெந்து சாக வேண்டாம். இதை உன் தம்பியாக மட்டும் சொல்லவில்லை, டாக்டராகவும் சொல்கிறேன். அந்த வண்டியில் முனீஸ்வரிக்குத் தாகம் இல்லை. வலியும் இல்லை. நீ பாட்டிலைத் திறந்திருந்தாலும் ஒன்றுதான், மூடியிருந்தாலும் ஒன்றுதான். உன் மேல் ஒரு தப்பும் கிடையாது. என்னை நம்பு.

அந்த டாக்டர் பெண்ணிடம் விளக்கம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் நீ மனசில் போட்டுக்கொள்ளாதே. பிள்ளைக்கு என்ன வேண்டுமானாலும் எழுது.

சேதுபதி


இராஜபாளையம்
10-7-2024

சேதுபதிக்கு அக்கா எழுதுவது. பிள்ளை இப்போது கக்குவதில்லை, நீ சொன்ன வைத்தியம் பலித்தது. நான் இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் ஆறுதலாக இருந்தது. மறுபடி படித்தேன். பிறகு சோறு இறங்கவில்லை. அவளுக்குத் தாகம் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் உட்கார்ந்து கை தேய்த்தவள் நான். நீ சென்னையில் இருந்தாய். திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

இதைக் கேட்க ஒரு காரணமும் வந்திருக்கிறது. தளவாய்புரத்தில் மாப்பிள்ளை வீட்டார் முனீஸ்வரியைச் சீலைக்காரியாக வீட்டில் வைத்துக் கும்பிடப்போகிறார்கள். அந்த வீட்டில் பிரசவத்தில் போனவளை அப்படிச் சும்மா விட்டுவிட மாட்டார்கள். கோடாங்கி வீரணனை அழைத்துக் குறி கேட்டார்கள். உயிர் பிரிந்த இடத்தில் பிடிமண் எடுத்து வர வேண்டும், தாய்மாமன் சீலை வைக்க வேண்டும் என்று சொன்னார். உயிர் போன இடத்து மண் இல்லாவிட்டால் அவள் வீட்டுக்குள் வர மாட்டாளாம், ரோட்டிலேயே நிற்பாளாம்.

மதுரை ஆஸ்பத்திரி வாசலில் எடுத்து வரலாம் என்று சம்பந்தி கிளம்பினாள். நான்தான் நிப்பாட்டி வைத்திருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு மதுரை மேல் நம்பிக்கை இல்லை.

கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை, பேப்பரில் போடப்போவதில்லை. பெற்றவள் கேட்கிறேன். மண் எங்கே எடுக்க?

பரிபூரணம்


தாய்க்காவல் திட்ட அலுவலகம்
சென்னை
19-8-2024

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். தங்களது 10-7-2024 நாளிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. தங்கள் மகள் திருமதி மு. முனீஸ்வரி அவர்கள், உயர் சிகிச்சைக்காக அழைத்துச் செல்லப்பட்டபோது, மதுரை செல்லும் வழியில் இயற்கை எய்தியதாக ஆவணங்களின் வாயிலாக அறியப்படுகிறது. தங்கள் துயரில் அலுவலகம் பங்கு கொள்கிறது.

தலைவருக்காக

(கீழே பேனாவில்:) அக்கா, மதுரையிலேயே எடுத்துக்கொள். சீலை தனிப் பார்சலில் வருகிறது. நல்ல பட்டு. இத்தோடு இதை விட்டுவிடு. — சே.


இராஜபாளையம்
3-9-2024

சேதுபதி,

டைப் அடித்த கடிதத்தை என்ன செய்வேன் என்று முன்பே எழுதியிருந்தேன். செய்துவிட்டேன். அம்மையீராம். நீ காலரா வந்து கிடந்தபோது உன் பீத்துணி அலசின அம்மையீர்.

உன்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும் சண்முகத்தாய் வீட்டுக்குப் போனேன். பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் உள்ளே ஓடவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஒன்றுதான் கேட்டேன். வண்டியில் ஏற்றும்போது என் பிள்ளைக்கு உயிர் இருந்ததா?

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

நீ போன் பண்ணினபோதே எல்லாம் முடிந்துவிட்டிருந்ததாம். அந்த டாக்டர்ப் பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு, “போயிட்டாங்க சார்” என்று அழுததாம். பேச முடியாமல் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டதாம்.  பிறகு நீ சொன்னதைச் சண்முகத்தாய் எனக்கு அப்படியே சொன்னாள். “வண்டியில ஏத்துங்க. மதுரையில பாத்துக்கிடட்டும். அக்காவையும் கூட ஏத்திவிடுங்க, அப்பத்தான் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

அக்காவையும் கூட ஏற்றிவிடுங்கள். இதைச் சொன்ன வாய் கோடி போர்த்த வந்தபோது என் தோளில் சாய்ந்து அழுதது. அந்த எச்சில் பட்ட இடத்தை இன்றைக்குத் தேய்த்துக் குளித்தேன். சீ.

பிணத்துக்கு ஆக்ஸிஜன் மாட்டி, பெற்றவளைக் காவலுக்கு வைத்தாய். நான் அதன் கையைத் தேய்த்துவிட்டு, பேத்தி கதை சொல்லிக்கொண்டு போனேன். கல்லுப்பட்டி டீக்கடைக்காரன் பார்த்தால் மகளுக்கு உடம்பு சரியில்லை என்றுதானே நினைத்திருப்பான்? அதற்குத்தானே நான்? வைக்கோல் கன்றுக்குட்டியை நிறுத்திப் பால் கறக்கிறவனாவது மாட்டைத்தான் ஏமாற்றுகிறான். கூடப் பிறந்தவளை ஏமாற்றுவதில்லை.

கிருஷ்ணன்கோவில் டீக்கடை பெஞ்சில் கிடந்தவளைப் பார்த்து, இனி ஒருத்தியும் இந்த ரோட்டில் சாகக் கூடாது என்று சபதம் போட்டவன் நீ. இப்போது உன் நிலையத்துக்குள் செத்தவளை ரோட்டுக்குத் தூக்கிப் போடுகிறாய். அந்த பஸ் கண்டக்டர் எவ்வளவோ மேல். செத்தவளைச் செத்தவள் என்று சொல்லி இறக்கிவிட்டான்.

எனக்கு எழுத்தாக ஒரு வரி வேண்டும். முனீஸ்வரி கீழச்செங்குளத்தில் செத்தாள் என்று உன் கையால் எழுதி அனுப்பு. அதை வைத்து நான் மண் எடுத்துக்கொள்கிறேன். எழுதினால் இன்னும் உனக்கு அக்காதான் நான். உன் பட்டுச்சீலை பிரிக்காமல் இருக்கிறது.

பரிபூரணம்


சென்னை
12-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறாள்? எனக்குப் பிரஷர் ஏறி ஒரு வாரம் படுக்கையில் இருந்தேன். அதனால்தான் தாமதம்.

நீ கோபத்தில் எழுதியதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பார். போன பிள்ளை எந்த மண்ணில் போனாலும் திரும்பி வரப்போவதில்லை. கீழச்செங்குளத்தில் ஒரு சாவு என்று எழுதினால் முதல் நிலையத்திலேயே தோற்றுவிட்டது என்பார்கள். திட்டத்துக்குப் பணம் நின்றுவிடும். இன்னும் எத்தனையோ ஊர்களில் இந்தத் திட்டத்தால்தான் பெண்கள் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு முனீஸ்வரிக்காக அவர்களை விட்டுவிட முடியுமா? பொதுச் சுகாதாரம் என்றால் இதுதான் அக்கா. எல்லாரையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. இதை உன்னால் புரிந்துகொள்ள முடியாது என்று நான் நினைக்கவில்லை.

சண்முகத்தாய் வெளியே பேசினால் அவள் ஓய்வூதியத்துக்கே ஆபத்து. அதை நான் தடுக்க முடியாது. அவளிடம் சொல்லிவை.

டிசம்பரில் கீழச்செங்குளத்தில் புதிய பிரசவப் பிரிவைத் திறக்கிறோம். நான் வருகிறேன். முனீஸ்வரி பெயரையே அதற்கு வைக்கச் சொல்லிவிட்டேன். நீதான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். அன்றைக்கு எல்லாவற்றையும் நேரில் பேசிக்கொள்வோம்.

பட்டுச்சீலையை முனீஸ்வரிக்கே வை. தாய்மாமன் முறையை யாரும் தடுக்க முடியாது.

என்றும் உன் தம்பி
சேதுபதி


இராஜபாளையம்
18-11-2024

சேதுபதிக்குப் பரிபூரணம் எழுதுவது.

நீ எழுதவே மாட்டாய் என்று தெரிந்த பிறகு எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. நான் கேட்டது ஒரு வரி. நீ இரண்டு பக்கம் எழுதி அந்த வரியை மட்டும் விட்டுவிட்டாய். பெயரை வைக்கிறாயாம். செத்தாள் என்று எழுதக் கூசுகிறவன் அவள் பெயரைச் சுவரில் எழுதுகிறாயாம். படித்ததும் வாந்தி வந்தது, நிஜமாகவே எழுந்து போய் எடுத்தேன்.

ஐப்பசிப் பௌர்ணமி வெள்ளிக்கிழமையாக வாய்த்தது. மாப்பிள்ளை லீவு போட்டு வந்திருந்தார். அவரிடமும் சம்பந்தியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காலையில் உறுமி கொட்டி, கோடாங்கி முன்னால் நடக்க, தளவாய்புரத்துச் சனமும் எங்கள் தெருச் சனமுமாகக் கீழச்செங்குளத்துக்குப் போனோம். நல்லவேளை, அன்றைக்குப் பிரசவத்துக்கு யாரும் இல்லை. ஊர்ப் பொம்பளைகள் என்ன ஏது என்று கூடிவிட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் நானே சொன்னேன். இங்கேதான் என் மகள் செத்தாள், மண் எடுக்க வந்திருக்கிறோம் என்றேன். சண்முகத்தாய் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. இனிமேல் அவள் பென்ஷனில் கை வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது.

பிரசவ அறையில் மண் ஏது? வழவழவென்று டைல்ஸ் போட்டிருக்கிறாய். வாசல் மண்ணே போதும் என்றார் ஒருவர். கோடாங்கி ஒத்துக்கொள்ளவில்லை. “உயிர் போன எடம் எதுவோ அதுதான்” என்றார். மாப்பிள்ளை கடப்பாரையை வாங்கினார். அந்த டாக்டர்ப் பிள்ளை வாசலில் நின்றது. போலீசைக் கூப்பிடும் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. உள்ளே வந்து, “இங்கதாம்மா” என்று காட்டி, பிரசவ மேசையைத் தள்ள ஒரு பக்கம் பிடித்தது. டைல்ஸ் இரண்டு உடைந்தது. அடியில் சிமெண்ட். அதையும் உடைத்து, நம் கரிசல் மண்ணை நான் கையால் அள்ளினேன். ஈரமாக இருந்தது. மடியில் கட்டிக்கொண்டேன்.

அந்தக் குழியை மூடக் கூடாது என்று ஊர்ப் பொம்பளைகள் சொல்லிவிட்டார்கள். நீ டிசம்பரில் வரும்போது பார்க்கலாம். விளக்கு ஏற்ற நான் வர மாட்டேன்.

அன்று சாயங்காலமே தளவாய்புரத்து வீட்டில் மண்ணை வைத்துப் பொங்கல் வைத்தோம். பேத்தி என் மடியில் இருந்தாள். இரண்டு பல் வந்திருக்கிறது, நல்ல சுகம். கோடாங்கி உடுக்கையை நிப்பாட்டிவிட்டு, “தாய்மாமன் சீல எங்க?” என்று கேட்டார். அவ்வளவு சனமும் என்னைத்தான் பார்த்தது. உன் பட்டு பெட்டியில்தான் இருந்தது, கையோடு கொண்டுபோயிருந்தேன். கடைசி நிமிஷம் வரைக்கும் எனக்கு மனசு வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

“அவளுக்குத் தாய்மாமன் கெடையாது” என்றேன்.

 என் சீலை ஒன்றை வாங்கி வைத்தார்கள். உன்னுடையதைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

பரிபூரணம்